ஆர்க்கிட் டென்ட்டுக்குள் ஒரு இரும்புச் சட்டம்

வீட்டுக்குள் செடி வளர்க்க, கம்பிகளை மூட்டி மேலே துணி போர்த்துகிற டென்ட் ஒன்று வாங்கினேன். அது வந்த பெட்டியின் மேல் '40 கிலோ தாங்கும்' என்று அச்சிட்டிருந்தது. வீட்டுக்குள் செடி வளர்க்கிற நண்பர்கள் பலரும் அந்த எண்ணைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். லைட்டு அஞ்சு கிலோ, ஃபேன் நாலு கிலோ, அப்புறம் என்ன? ஆனால் அந்த 40 கிலோ எந்த இடத்தில், எத்தனை கொக்கிகளில் தொங்குகிறது என்று பெட்டி சொல்வதில்லை. கூரைக் கம்பிகள் எல்லாவற்றிலும் சமமாகப் பரவி, ஆடாமல் அசையாமல் தொங்கினால்தான் அந்தக் கணக்கு. யார் வீட்டிலும் சுமை அப்படித் தொங்காது.

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். கீழ்த்தளத்தில் அப்பா காலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடந்தது. மேலே ஒரு பழைய அறை. அதில்தான் 120-க்கு 120 சென்டிமீட்டர், இரண்டு மீட்டர் உயர டென்ட் நிற்கிறது. உள்ளே வாண்டா, டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகைகள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மலையில் பனியும் ஈரக் காற்றும் இந்தச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும். கீழே சேலத்தில் சித்திரை மாத மதியத்தில் காற்று காய்ந்து கிடக்கும். திறந்த வராண்டாவில் வாண்டாவின் வேர் ஒரே வாரத்தில் சுருங்கிவிடும். அதனால்தான் டென்ட். ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கலாம், வெளிச்சத்தை நம் கணக்கில் கொடுக்கலாம். (செடிகள் எல்லாம் நர்சரியில் வாங்கியவை. காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்கிறவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே இருக்கிறது.)

பட்டறை வீட்டில் பிறந்தவள் என்பதால் எதையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. தொங்கு தராசில் ஒவ்வொன்றாக மாட்டினேன். எல்.இ.டி. லைட் ஒன்று 4.6 கிலோ, இரண்டு லைட். காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் 3.8. உள்ளே காற்றைச் சுழற்றும் சின்ன ஃபேன் இரண்டும் சேர்ந்து 1.8. தண்ணீர் தெளிக்க மேலே வைக்க நினைத்த 20 லிட்டர் கேன், நிறைந்தால் 21 கிலோ. அப்புறம் கூடைகள். தேக்குச் சட்டக் கூடையில் கரியும் ஓட்டுத் துண்டும் போட்ட ஒரு செடி காய்ந்திருக்கும்போது 1.1 கிலோ. தண்ணீரில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டால் 1.6. பதினெட்டு கூடை. அதாவது செடிக்குத் தண்ணீர் காட்டிய மறு நிமிஷம் கூரையில் ஒன்பது கிலோ கூடுகிறது. லைட்டையும் ஃபேனையும் மட்டும் கூட்டிப் பார்க்கிறவர்கள் இந்த ஈர எடையை விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 65 கிலோவை ஒட்டி வந்தது.

கம்பியை வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன். 16 மில்லி விட்டம், 0.8 மில்லி தடிமன். இந்த வகை டென்ட்டுகளில் பெரும்பாலும் இதே போன்ற மெல்லிய குழாய்தான் வருகிறது. 120 சென்டிமீட்டர் நீளக் கம்பியின் நட்ட நடுவில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் கணக்குப்படி 16 மில்லிமீட்டர் தொய்கிறது. தொய்வதோடு போகவில்லை. சாதாரண மைல்ட் ஸ்டீலுக்கு, சுமையை எடுத்த பிறகும் வளைந்தபடியே நின்றுவிடும் ஒரு எல்லை உண்டு. நடுவில் 10 கிலோ என்றாலே அந்த எல்லையில் ஐந்தில் நாலு பங்கைத் தாண்டியாகிவிட்டது. 12 கிலோவில் எல்லையையே தொட்டுவிடும். பெட்டியில் 40 என்று போட்டிருக்கிறது, ஒரு கம்பியின் நடுவில் 12 கூட ஆபத்து. இரண்டுமே உண்மைதான்.

இதே 10 கிலோவை நடுவில் ஒரே கொக்கியில் மாட்டாமல், இரண்டு முனையிலிருந்தும் கால் பங்கு தள்ளி இரண்டு கொக்கியில் பிரித்து மாட்டினால் கம்பியில் வளைக்கும் விசை பாதியாகக் குறைகிறது. காசு செலவில்லாத வேலை. சின்ன டென்ட் வைத்திருப்பவர்களுக்கு இது மட்டுமே போதும். தொய்வு நீளத்தின் மூன்றாம் படியில் ஏறுவதால், 60 சென்டிமீட்டர் டென்ட்டில் அதே கம்பி அதே சுமைக்கு எட்டில் ஒரு பங்குதான் தொய்யும். எட்டடி டென்ட் வாங்கப் போகிறவர்கள் அதே கணக்கை மறுபக்கம் போட்டுப் பார்க்க வேண்டும்.

கம்பி மட்டுமல்ல, மூலை. கம்பிகளைச் சேர்க்கும் முக்கில் பிளாஸ்டிக் வைத்த டென்ட்டுகளில், மேல் கம்பி தொய்யும்போது அது முக்கின் வாயை நெம்புகிறது. பிளாஸ்டிக் விரிசல் அங்கேதான் தொடங்கும். இரும்பு முக்கு வைத்தது கிடைத்தால் கூடக் காசு கொடுத்து அதையே வாங்குங்கள். அப்புறம் நிற்கும் கம்பி. நடுவில் ஒன்றுக்குள் ஒன்று செருகியது. நேராக அழுத்தும் எடையை அது தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டு ஆட்டம்தான் அதற்கு ஆகாது. ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்போது துணி உள்பக்கம் உறிஞ்சிக்கொண்டு கம்பிகளையும் உள்ளே இழுக்கும். நானோ ஈரக் கூடைகளைத் தினமும் கழற்றி மாட்டுகிறவள். ஒவ்வொரு கொக்கியிலும் கை இழுக்கும்.

முதலில் உள்ளே தொங்க வேண்டாதவற்றை வெளியே எடுத்தேன். லைட்டுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, அதாவது டிரைவர், ஒவ்வொன்றும் 1.2 கிலோ. நீளமான ஒயர் கொடுத்து வெளியே சுவரில் பலகையடித்து மாட்டியாயிற்று. எடையோடு சேர்ந்து சூடும் வெளியே போனது. சேலத்தில் அதுவே பெரிய லாபம். ஃபேனைச் சுவரில் பிராக்கெட் வைத்து நிறுத்தி, டக்ட் குழாயை மட்டும் டென்ட்டுக்குள் விட்டேன். அதன் அதிர்வும் இப்போது கூரைக்கு வருவதில்லை. தண்ணீர் கேன் பரணுக்குப் போனது. 27 கிலோ குறைந்து, மிச்சம் 37.

பெட்டியில் போட்ட 40-க்குள் வந்துவிட்டதே, போதாதா என்று கேட்கலாம். எனக்குப் போதவில்லை. கீழே மின்சாரமும் ஈரமும் சேர்ந்து இருக்கும் இடத்தில், மேலே தொங்குகிற லைட்டு ஒரு நாளும் விழக்கூடாது. டென்ட்டின் கம்பிக்கு இன்னொரு கம்பியைக் கட்டிப் பலப்படுத்துகிறவர்கள் உண்டு. மர ரீப்பரைக் கேபிள் டையில் கட்டுகிறார்கள். அதில் கம்பி தொய்வது குறையும், ஆனால் எடை அதே முக்கில், அதே செருகுக் கம்பியில்தான் கடைசியில் இறங்கும். என்னைக் கேட்டால், டென்ட் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். எடைக்கு உள்ளேயே தனியாகக் கால் வைத்த ஒரு இரும்புச் சட்டம் வேண்டும்.

கூரையில் ஃபேன் ஹூக் இருக்கிறதே, அதிலிருந்து கட்டக் கூடாதா என்று தங்கை மகன் கேட்டான். கான்கிரீட் தளம் என்றால் செய்யலாம். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ்; மரச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்துச் சுண்ணாம்பு போட்ட கூரை. அதில் ஆங்கர் போல்ட் அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வரிசையாகத் துளை போட்ட எல் வடிவ இரும்பில் செய்கிற ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் ஒன்றை உள்ளே நிறுத்தலாமா என்றும் பார்த்தேன். சுலபம், வெல்டிங் வேண்டாம். ஆனால் அதன் ஓரம் கூர்மை, துணியைக் கிழிக்கும். திறந்த ஆங்கிள் முறுக்கத்துக்கும் இளகும். கடைசியில் ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், 16 கேஜ். இதே 120 சென்டிமீட்டரில், நடுவில் 10 கிலோவுக்கு 1.3 மில்லிதான் தொய்வு. டென்ட் கம்பியைவிடப் பன்னிரண்டு மடங்கு விறைப்பு. ஒரு மீட்டர் ஏறக்குறைய 1.2 கிலோ. ஜிஐ பைப் கேட்டபோது வெல்டிங் பட்டறை அண்ணன்தான் மறித்தார்.

"அக்கா, துத்தநாகம் பூசுனதை வெல்டு வெச்சா வர்ற புகை நெஞ்சுக்கு ஆகாது. பூச்சும் அந்த எடத்துல எரிஞ்சு போயிரும். கறுப்புப் பைப்பு எடுங்க, நல்லா பிரைமர் அடிச்சுக்கலாம்."

அவர் சொன்னது சரி. ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை, அதற்கு மேல் வெள்ளை எனாமல் இரண்டு கை. வெள்ளை, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பட்டும் என்று. பைப்பின் வாயை எல்லாம் தகடு வைத்து மூடச் சொன்னேன். மூடாவிட்டால் ஈரக் காற்று உள்ளே போய், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துருப் பிடிக்கும்.

சட்டத்தின் வெளி அளவு 112-க்கு 112 சென்டிமீட்டர், உயரம் 185. முழுசாக வெல்டு வைத்தால் எங்கள் மாடிப்படியில் ஏறாது. அதனால் இடது பக்கம், வலது பக்கம் இரண்டும் தனித்தனிச் சட்டமாக வெல்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கால், மேலே ஒன்று, கீழே ஒன்று, குறுக்கே மூலைக்கு மூலை ஒரு பட்டை. இந்த இரண்டையும் முன்னும் பின்னும் மேல் பைப்புகளால் எம்-8 போல்ட்டு போட்டு இணைத்தோம். பின்பக்கத்திலும் மூலைவிட்டப் பட்டை உண்டு. முன்பக்கம் கதவு, அங்கே குறுக்குப் பட்டை வைத்தால் கை நுழையாது. அதற்குப் பதில் மேல் இரண்டு மூலையிலும் முக்கோணத் தகடு.

இந்தக் குறுக்குப் பட்டைதான் முழு வேலையிலும் முக்கியமானது. நாலு மூலைச் சட்டம் எவ்வளவு தடித்த பைப்பாக இருந்தாலும் போல்ட்டு மூட்டில் சாய்ந்துகொடுக்கும், முக்கோணம் சாயாது. பட்டை இல்லாமல் நிறுத்தி ஒரு கையால் தள்ளிப் பார்த்தோம், மேலே இரண்டு விரற்கடை ஆடியது. பட்டை இறுக்கிய பிறகு அதே தள்ளலுக்கு அசையவே இல்லை. பைப் தடிமனில் காசு மிச்சம் பிடிக்க நினைத்தாலும் பிடியுங்கள், மூலைவிட்டப் பட்டையில் பிடிக்காதீர்கள்.

மேலே இடதிலிருந்து வலதுக்கு மூன்று குறுக்குப் பைப்புகள். லைட்டு இரண்டும் முதலாவதிலும் மூன்றாவதிலும், ஒவ்வொன்றும், இழுத்து உயரத்தைப் பூட்டுகிற இரண்டு ராட்செட் கயிற்றில். கயிறு நழுவினாலும் லைட்டு நிற்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தளர்வாக ஒரு இரும்பு ஒயர் வளையம். கூடைக்கு எஸ் கொக்கி போதும், லைட்டுக்கு மூடும் கொக்கிதான்.

அப்புறம் தரை. இது மாடி என்பதால் எனக்குக் கவலை அதிகம். வீட்டு அறைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்கிறது, என் டென்ட் நிற்கும் 1.44 சதுர மீட்டருக்கு 288 கிலோ ஆகிறது. இரும்புச் சட்டம் 22 கிலோ, தொங்குவது 37, தண்ணீர்த் தட்டு, டென்ட் எல்லாம் சேர்த்தும் 120 தாண்டாது. ஆனால் அந்த அளவு புதுக் கட்டடத்துக்கு எழுதியது. பழைய மரச் சட்டத் தளத்தில் எண்ணை நம்பி உட்கார முடியாது. கீழே பட்டறையிலிருந்து அண்ணாந்தால் அந்த மரச் சட்டங்கள் தெரியும். வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து, ஒவ்வொரு சட்டமும் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். கரையான் இல்லை, ஈரம் இல்லை. டென்ட்டை அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரம் தள்ளி, நாலு காலுக்கும் இரும்புத் தகடும் ரப்பரும் கொடுத்து, மரச் சட்டங்களுக்குக் குறுக்காக இரண்டு தடித்த பலகை போட்டு அதன் மேல் நிறுத்தினோம். ஒரே ஒரு மரச் சட்டத்தின் மேல் எடை குவியாது.

செடியை ஏற்றும் முன் தண்ணீர் கேன்களை ஏற்றினோம். 20 லிட்டர் கேன் ஐந்து; நூறு கிலோவுக்கு மேல், அதாவது தொங்கப்போவதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மூலைக்கு மூலை நூல் கட்டி, குறுக்குப் பைப் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தேன். ராத்திரி முழுக்கத் தொங்கியது. இறக்கம் நாலு மில்லி அளவு, காலையிலும் அதேதான். கேனை எடுத்ததும் பைப் நூலுக்கே திரும்பியது. அப்படித் திரும்பாமல் ஒரு மில்லி தங்கியிருந்தால்கூட நான் செடியை ஏற்றியிருக்க மாட்டேன்.

மின்சாரத்தில் மூன்று விஷயம். மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இந்த அறைக்குத் தனியாகப் போட்டிருக்கிறது. இரும்புச் சட்டத்துக்கு எர்த் ஒயர் கொடுத்தாயிற்று. உள்ளே போகிற ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்துதான் மேலே ஏறும், சொட்டு நீர் ஒயர் வழியே ஓடிவந்தாலும் பிளக்குக்குப் போகாது.

பைப், போல்ட்டு, பெயிண்ட்டு, கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. வாண்டா வேர்களின் நுனி இப்போது பச்சை கட்டியிருக்கிறது. அதற்குக் காரணம் ஈரமும் வெளிச்சமும்தான். சட்டத்தால் எனக்குக் கிடைத்தது, கூடையைக் கழற்றி மாட்டும்போது மேலே பார்க்காமல் செய்ய முடிகிற தைரியம். முதல் மாதத்தில் போல்ட்டுகள் கொஞ்சம் இளகின. ஸ்பிரிங் வாஷர் போட்டு மறுபடி இறுக்கினோம், அப்புறம் இளகவில்லை.

அடுத்து ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு ஒன்று. ஓட்டு வீடு, கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்குகிறது, அதனால் உயரம் 165. மழை மாதங்களில் பனி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் இடம் என்பதால் போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ். பைப்புக்கு எனாமலுக்குப் பதில் எபாக்ஸி பெயிண்ட். குறுக்குப் பைப் மூன்றுக்குப் பதில் நாலு, அக்காவிடம் கூடை அதிகம். பைப் வெட்டக் கொடுத்தாயிற்று.