காந்தத்தோடு ஒட்டிய நொதி

நேற்று மாலை நியோடிமியம் காந்தத்தைக் குழாயின் பக்கத்தில் வைத்தேன். கறுப்புக் கலங்கல் மெல்லச் சுவரோரம் ஒதுங்க, நடுவில் தெளிந்த திரவம் நின்றது. அதைப் பிப்பெட்டால் எடுத்துவிட்டுப் புது பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) ஊற்றினேன். அந்தத் துகள்களில் ஒட்டியிருக்கும் என் லைப்பேஸ், கொழுப்பை உடைக்கும் நொதி, மறுபடி பயன்படுத்த ஆறாவது சுற்றுக்குத் தயார்.

மரபணுவில் ஓர் இடத்தை மாற்றி, ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடின்களை (நிக்கலைப் பற்றிக்கொள்ளும் அமினோ அமிலம்) வால்போலச் சேர்த்து, ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்த நொதி இது. செல்லை உடைத்தால் வருவது ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த குழம்பு. நொதியைப் பிரிக்க அதை நிக்கல் பிசின் நிரப்பிய குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். முதலில் சுழற்றி, வடிகட்ட வேண்டும். காந்தத் துகளை அப்படியே குழம்பில் போட்டுக் கலக்கலாம்.

துகள்களை நானே செய்தேன். ஃபெரஸ், ஃபெரிக் உப்புகளை 1:2 விகிதத்தில் கரைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் அமோனியா விட்டால் கண்ணெதிரே கறுத்து மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்ஸைடு வரும். சுமார் 10 நானோமீட்டர்தான். இவ்வளவு சிறிதாக இருப்பதால் வெளிக்காந்தத்தை எடுத்ததும் காந்தத்தன்மை போய்விடும், துகள்கள் மறுபடி கலந்துகொள்ளும். அப்புறம் சிலிக்காப் பூச்சு, அதன்மேல் நிக்கலைப் பிடித்துவைக்கும் என்.டி.ஏ.

முதல் தடவை நொதி ஒட்டவே இல்லை. கழுவிய நீரில்தான் எல்லாம் இருந்தது. இரண்டு நாள் தேடியபின் தெரிந்தது: செல் உடைக்கும்போது நான் போட்ட புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தடுப்பு மாத்திரையில், உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. இருந்திருக்கிறது. அது நிக்கலைத் துகளிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. ஈ.டி.டி.ஏ. இல்லாத மாத்திரையும் கிடைக்கிறது. டப்பாவைப் படித்துவிட்டு எடுங்கள்.

சாதாரணமாக நொதி ஒட்டியபிறகு, வாலோடு போட்டியிட்டு நிக்கலைப் பிடிக்கும் இமிடசோலை அதிகமாக ஊற்றி நொதியைக் கழற்றி எடுப்பார்கள். நான் கழற்றுவதில்லை. குறைந்த இமிடசோலில் கழுவி மற்றப் புரதங்களை மட்டும் விரட்டிவிட்டு, துகளோடு அப்படியே வேலைக்கு அனுப்புகிறேன். சுத்திகரிப்பும் நொதியைத் துகளில் நிலைநிறுத்துவதும் ஒரே வேலையாகிவிடுகிறது! குளூட்டரால்டிஹைடு என்ற ஒட்டும் வேதிப்பொருளை வைத்து ஒட்டினால் அது நொதியில் கண்ட லைசின் அமினோ அமிலத்தையெல்லாம் பிடிக்கும்; வினை நடக்கும் வாய் துகள்பக்கம் திரும்பிவிட்டால் அந்த மூலக்கூறு வீண். இங்கே வால் மட்டும் மாட்டிக்கொள்கிறது, வாய் வெளியே பார்க்கும்படி வாலின் முனையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆறாவது சுற்றிலும், லைப்பேஸ் உடைத்தால் நிறம் மாறும் பாரா-நைட்ரோஃபீனைல் பால்மிடேட் கரைசல் மஞ்சளானது. ஆனால் முதல் சுற்றின் மஞ்சள் இல்லை. எடுத்து வைத்திருந்த கழுவிய நீரிலும் லேசாக மஞ்சள் தட்டியது. நிக்கல் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. அடுத்து நிக்கலுக்குப் பதில் கோபால்ட். வால் மாட்டியபின் கோபால்டை மூன்றாம் ஆக்ஸிகரண நிலைக்குக் கொண்டுபோனால் பிடி இறுகும். அதற்குப் பெராக்ஸைடு வேண்டும், அது நொதியையும் கடிக்குமோ என்றுதான் பயம். திங்கட்கிழமை மிகக் குறைந்த அளவில் தொடங்குகிறேன்.