பணம் யார் பையிலிருந்து போகும்? ஜி.எஸ். 3 தாளுக்கு நான் பிபிபி படித்த விதம்

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வின் மெயின்ஸில் (முதன்மைத் தேர்வு) பொது அறிவு மூன்றாம் தாள்தான் ஜி.எஸ். 3. அதற்கு முதல் முறை படித்தபோது அரசு-தனியார் கூட்டு, அதாவது பிபிபி, எனக்குப் பிடித்த தலைப்பு. காரணம் சோம்பேறித்தனம்தான். நில இடர், கட்டுமான இடர், போக்குவரத்து இடர், நிதி இடர், அரசியல் இடர் என்று ஐந்தாறு சொல்லை மனப்பாடம் செய்துவிட்டால் எந்தக் கேள்விக்கும் ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். 2022 தாளில் ரயில் நிலைய மறுசீரமைப்பில் பிபிபியின் பங்கைக் கேட்டிருந்தார்கள். 10 மதிப்பெண், 150 சொல். அதை எழுதிப் பார்த்து, எங்கள் மஞ்சக்குப்பத்தில் நேர்காணல் வரை போய் வந்த ஓர் அண்ணனிடம் கொடுத்தேன். "பட்டியல் நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுல எது நடந்தாலும் பணம் யாரு பையில இருந்து போகும்? அத எங்கயும் சொல்லலையே" என்றார்.

அதற்கப்புறம் புத்தகத்தைவிடப் பேருந்து ஜன்னல்தான் அதிகம் உதவியது. கடலூரிலிருந்து புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு அடிக்கடி போவேன். விழுப்புரம்-புதுச்சேரி-நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வேலை நம் கண்ணெதிரே நடந்ததுதானே. அதில் புதுச்சேரி-பூண்டியாங்குப்பம் பகுதி 'ஹாம்' (ஹைபிரிட் ஆன்யுட்டி மாடல்) முறை. செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தரும். மீதி 60 சதவீதத்தை நிறுவனம் கடன் வாங்கியோ சொந்தப் பணம் போட்டோ திரட்ட வேண்டும். அதை 15 ஆண்டுகளில் தவணையாக அரசு திருப்பித் தரும். டோல் வசூல் அரசுக்குப் போகிறது. ஆக, வண்டி குறைவாக ஓடினால் நஷ்டம் அரசுக்கு. வேலையைத் தாமதமாக முடித்தால் நஷ்டம் நிறுவனத்துக்கு. நிறுவனமே கட்டி, டோல் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் பழைய பி.ஓ.டி. டோல் முறையில் வண்டி எண்ணிக்கையின் தலைவலியும் நிறுவனத்தின் தலையில்தான். 2016இல் ஹாம் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். நிறுவனங்கள் கடனில் மூழ்கி, ஏலத்துக்கே ஆள் வராமல் போயிருந்தது.

இயற்கைச் சீற்றத்தைப் பற்றி எழுத நமக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. நம் நெடுஞ்சாலைகளுக்கான மாதிரி ஒப்பந்தங்களில் புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு அவரவர் செலவை அவரவர் ஏற்க வேண்டும். அரசே சட்டத்தை மாற்றியோ ஒப்பந்தத்தை முடக்கியோ வரும் இழப்பை அரசு ஈடுகட்ட வேண்டும். யாரால் தடுக்க முடியுமோ அவர் தலையில் அந்த இடர். இந்த ஒரு வரி புரிந்தால் பாதித் தலைப்பு முடிந்தது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும்; நான் மெக்சிகோவைப் பிடித்துக்கொண்டேன். 1980களின் கடைசியில் தொடங்கி அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட டோல் சாலைகளைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். டோல் வசூலிக்கக் குறைந்த ஆண்டுகள் கேட்பவருக்கே ஏலம். சில ஆண்டுகளில் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே, கட்டணத்தை ஏற்றினார்கள். லாரிக்காரர்கள் பழைய சாலையிலேயே போனார்கள். செலவும் கணக்குக்கு மேலே போயிற்று. 1994 டிசம்பரில் மெக்சிகோ நாணயமான பெசோ சரிந்தபோது வட்டி எகிறியது. 1997இல் 23 சாலைகளை அரசே எடுத்துக்கொண்டு கடனைச் சுமந்தது. இடர் தனியாரிடம் இருப்பதாகக் காகிதம் சொல்லிற்று. கடைசியில் கட்டியவன் வரி கொடுப்பவன்.

இதற்கு எதிர்முனையில் சிலியை இரண்டு வரியில் வைக்கலாம். 1998இல் சாந்தியாகோ-வால்பரைசோ சாலைக்கு, மொத்தத்தில் குறைந்த வருவாய் போதும் என்றவருக்கு ஏலம். அந்தத் தொகை சேரும் நாளில் ஒப்பந்தம் முடியும். வண்டி குறைந்தால் ஆண்டு கூடும். எனக்கு இதுதான் பிடித்த ஏற்பாடு, ஆனால் விடையில் 'பிடித்த' என்று எழுதாதீர்கள்.

விமான நிலையம், துறைமுகத்துக்குத் தனிக் குறிப்பு எடுக்க எனக்கு நேரமில்லை. பணம் யார் பையிலிருந்து போகும் என்ற அதே கேள்வியைத்தான் அங்கேயும் போட்டேன். எழுதும்போது மூன்றே இடர் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் சுமக்கிறார், ஏன் அவர், தவறினால் என்ன ஆகும் என்று ஒரு வரி. 150 சொல்லுக்கு ஏழு நிமிடம்தான் கிடைக்கும். முன்னுரையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் மெக்சிகோவுக்கு இடம் இருக்காது. எனக்கு இரண்டு பயிற்சித் தேர்வில் அப்படித்தான் ஆனது.