‘வேலை செய்யுது’

“வேலை செய்யுது அண்ணன்” என்று சொன்னது நான்தான். அதை மறுக்க முடியாது.

அன்று ஆய்வுகூடத்தில் சோதனைத் தட்டின் மரமஞ்சள் சாறு விட்ட குழிகளில் மஞ்சள் நிறம் மெதுவாகத்தான் ஏறியது. நொதியின் வேகத்தை நிறத்தால் அளக்கும் எல்மன் முறையில் நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும், தடைபட்டால் ஆகாது. மறதி நோயான அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பல தடுப்பதும் இதே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியைத்தான். ஒரு பூச்செடியில் இருக்கும் வேதிப்பொருளான கலன்டமின் 2001இல் அமெரிக்காவில் அல்சைமர் மருந்தாக அனுமதி பெற்றது. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் என்ற பொருளுக்கு என்ன குறை? அந்தப் பூரிப்பில் இருந்தேன். போத்தல் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் அண்ணன், “சரி வந்திட்டா மிஸ்?” என்று கேட்டார்.

மூன்று கிழமை கழித்துச் சொன்னார்: “அம்மாவுக்கு மரமஞ்சள் அவிச்சுக் குடுக்கிறன் மிஸ். நேற்று என்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டா.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா ஏற்கெனவே கிளினிக்கில் கொடுத்த டொனெபெசில் என்ற அல்சைமர் மாத்திரை குடிக்கிறார். வாயால் குடிக்கும் பெர்பெரினில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்துக்குப் போவதில்லை. ஆனால் மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதிகளைத் தடுக்க அது போதும். டொனெபெசில் உடலில் தேங்கினால் வாந்தி வரும், நாடி குறையும். நிறுத்தச் சொன்னேன். டொக்டரிடமும் சொல்லச் சொன்னேன்.

“அப்ப அண்டைக்கு வேலை செய்யுதெண்டு சொன்னீங்களே?”

“அது தட்டுக்குள்ள அண்ணன்.”

“தட்டுக்குள்ள செய்யிறது ஆளுக்குள்ள செய்யாதா?”

அந்தத் தட்டில் இருந்தது மனித நொதிகூட இல்லை, மின் விலாங்கினுடையது. அதை எந்த வாயால் சொல்வது?

‘வேலை செய்யுது’ என்பது ஆய்வுகூடத்தில் எல்லாரும் பேசும் பேச்சுத்தான். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் தட்டோடு போயிருக்கும். ஆனால் கிளினிக் நாளில் அவர் ஏன் வேளைக்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேனா, தெரிந்ததை மறந்து சொன்னேனா?

இன்னொன்றும் உறுத்துகிறது. பெர்பெரினே மஞ்சள். எல்மன் முறையில் நிறத்தை அளப்பது 412 நானோமீற்றர் அலைநீள ஒளியில். பெர்பெரின் ஒளியை உறிஞ்சுவதும் அதற்குப் பக்கத்தில்தான். சாற்றின் நிறத்தைக் கழித்துத்தான் கணக்குப் பார்த்தேன். ஆனால் கருவியின் எல்லையைத் தாண்டிய நிறத்தைக் கழித்து என்ன பயன்? சாற்றை ஐதாக்கித் திரும்பச் செய்தபோது தடை இருந்தது, முதல் கண்ட அளவுக்கு இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என் மனம்தான் ஆறும், அவருக்கு என்ன?

கசாயத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் அவர் சைக்கிளை எடுக்கும் நேரமாகப் பார்த்து எனக்கும் உள்ளே ஏதாவது வேலை வந்துவிடுகிறது.