200 மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்துவிட்டு ஒன்றே ஒன்றைப் பேசிய கதை

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் ஆங்கில வாய்மொழித் தேர்வுக்குத் தயாரானபோது என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. டியூஷனில் கொடுத்தது, மொத்தம் 200 மரபுத்தொடர்கள். தினமும் ரயிலில் பத்து என்று உருப்போட்டேன். தமிழ்ப் பாடத்துக்கு மரபுத்தொடரும் இணைமொழியும் அப்படித்தானே படித்தோம், இதுவும் அதே வேலைதான் என்று நினைத்துவிட்டேன்.

பள்ளியில் நடந்த மாதிரித் தேர்வில், மழையில் மாணவர்கள் ஓடும் காட்சி வந்தது. விடுவேனா? ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று எடுத்துவிட்டேன். ஆசிரியை, “இதை யாராவது பேசி நீ கடைசியாக எப்போது கேட்டாய்?” என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. டிசம்பர் மாதத்தில் இந்த ஊரில் பெய்யாத மழையா! அம்மா ‘வானம் பொத்துக்கிட்டு ஊத்துது’ என்பார். வகுப்பில் ‘ஹெவி ரெயின்’ என்பார்கள். பூனையையும் நாயையும் யாரும் இறக்கியதே இல்லை. பிறகு தேடிப் பார்த்தால், ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இலேயே இந்தத் தொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். அதுவும் எப்படி? மேட்டுக்குடி மக்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேலி செய்யும் நூலில்!

அன்று இரவே 200ஐயும் சலிக்க உட்கார்ந்தேன். முதலில் போனது கூகுளின் என்கிராம் வியூவருக்கு. ஒரு தொடர் அச்சுநூல்களில் ஆண்டுவாரியாக எவ்வளவு வந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். கோடு ஏறினால் வைத்துக்கொள், இறங்கினால் அடி என்று கிடுகிடுவென்று போனேன். பாதியில்தான் உறைத்தது: இது புத்தகக் கணக்கு, வாயில் வரும் பேச்சின் கணக்கு இல்லை. மரபுத்தொடர் அகராதிகளும் புத்தகங்கள்தானே! மிகச் சுலபம் என்ற பொருளில் வரும் ‘பீஸ் ஆஃப் கேக்’கைத் தேடினால், உண்மையிலேயே கேக் துண்டைத் தின்றவர்களும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள்.

பேச்சுக்கு யூகிளிஷ் என்ற இணையத்தளம் உதவியது. தொடரைத் தட்டினால், யூடியூபில் யாராவது அதைச் சொல்லும் இடத்துக்கே நேராகக் கொண்டுபோய் விடும். அங்கே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். பூனை நாய் மழைக்கு எனக்கு வந்தவற்றில் பல, ஆங்கிலம் கற்றுத்தருபவர்களின் காணொளிகள். பாடம் நடத்த மட்டுமே ஒரு தொடர் வாழ்கிறது என்றால் அதை விட்டுவிடலாம். ‘அண்டர் த வெதர்’ (உடம்பு சரியில்லை), ‘ஆன் த சேம் பேஜ்’ (ஒரே கருத்தில் இருப்பது) இரண்டையும் சாதாரண ஆட்கள் வேறு எதையோ பேசும்போது போகிறபோக்கில் சொன்னார்கள். அவை தங்கின. ஆங்கில எழுத்தையும் பேச்சையும் திரட்டிவைத்த பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸும் இருக்கிறது. 10 கோடிச் சொற்கள், அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சு. ஆனால் 1990களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. நம் தேர்வுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு குழி உண்டு. நாம் ‘ஷேக் லெக்’ என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. மலாயில் ‘கோயாங் காக்கி’, நம் வீட்டில் ‘காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்’. மூன்றும் அழகாகப் பொருந்துவதால் சந்தேகமே வராது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஷேக் எ லெக்’ என்றால் சீக்கிரம் கிளம்பு என்று பொருள், அப்படியே நேர்மாறு! கோப்பிக்கடையில் தாராளமாகச் சொல்லுங்கள், தேர்வு அறையில் வேண்டாம்.

அப்புறம், இடம் பார்ப்பது. ‘கிக் த பக்கெட்’ எல்லாருக்கும் தெரிந்த தொடர்தான். அதற்காகத் தாத்தா இறந்ததைப் பற்றிப் பேசும்போது சொல்ல முடியுமா? தமிழில் ‘மண்டையைப் போட்டார்’ என்பதை எங்கே சொல்வீர்களோ அங்கேதான் அதுவும். எனக்கு இந்தத் தமிழ் இணை பார்க்கும் பழக்கம்தான் எல்லாக் கருவிகளையும்விட அதிகம் கைகொடுத்தது. ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்றால் ‘அத்தி பூத்தாற்போல’. தமிழில் நான் அதை ஒரு பேச்சில் இரண்டு முறை சொல்வேனா? மாட்டேன்.

சலித்து முடித்தபோது மிஞ்சியது முப்பத்துச் சொச்சம். தேர்வன்று 10 நிமிடத் தயாரிப்பில் காணொளியைப் பார்த்துக் குறிப்பெடுக்கவே நேரம் சரியாக இருந்தது, பட்டியல் ஞாபகத்துக்கே வரவில்லை. அதற்குப் பிறகு நடந்த உரையாடலில், அண்டைவீட்டாரோடு பழகுவதைப் பற்றிப் பேசும்போது ‘இன் த சேம் போட்’ (எல்லாருக்கும் ஒரே நிலைமைதான்) தானாக வந்து விழுந்தது. அது அந்த 200இல் இருந்ததா என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். இல்லை.