கம்ப்யூட்டர் கேபினட்டில் ஃபேன் ஓட்டை: தகடு கிழியாமல் வெட்ட

120 மி.மீ. ஃபேனுக்கு 120 மி.மீ. ஓட்டை போட்டால் காரியம் கெட்டது. 120 என்பது ஃபேனின் சதுரச் சட்டத்துக்கான அளவு. அதே அளவில் வட்டம் வெட்டினால் நாலு பக்கமும் சட்டம் படிந்து உட்காரத் தகடு மிஞ்சாது; அந்த இடுக்கில் காற்று கசியும். வெட்ட வேண்டியது 114 மி.மீ., கடைக் கணக்கில் நாலரை அங்குல ஹோல் சா, அதாவது டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும், நடுவில் பிட்டும் விளிம்பில் பல்லும் உள்ள கிண்ண வடிவ ரம்பம். 80 மி.மீ. ஃபேனுக்கு மூன்று அங்குலம் போதும்.

முதலில் இடம். சாதாரண ஃபேன் 25 மி.மீ. தடிமன். உள்ளே கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு, பிராசசர் கூலர் எதுவும் இடிக்காது என்று பொருத்திப் பார்த்த பிறகு, மதர்போர்டு முதல் பவர் சப்ளை வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பாலிதீன் கவரைப் போர்த்தி வெட்டுவதெல்லாம் வேண்டாத வேலை. இரும்புத்தூள் ஒன்று மதர்போர்டில் இரண்டு பின்களுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட்தான்.

தகட்டின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் மையக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் போடுங்கள். திருகு ஓட்டைகளின் இடைவெளி 80 ஃபேனுக்கு 71.5 மி.மீ., 92க்கு 82.5, 120க்கு 105, 140க்கு 124.5. 120 என்றால் மையக் கோட்டிலிருந்து இரு பக்கமும் 52.5. குறித்த பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள், இரண்டும் 148.5 வந்தால் சதுரம் சரி. ஃபேனையே வைத்துப் பென்சிலால் குறித்தால் ஒரு மில்லி நகர்ந்துவிடும், பிறகு நாலாவது திருகு ஏறாது. நாலு திருகுப் புள்ளி, நடு மையம் என ஐந்து புள்ளியிலும் சென்டர் பஞ்ச் (கூர்முனை உளி) வைத்துச் சுத்தியலால் அடித்துக் குழி போடுங்கள். பெயின்ட் மேல் டிரில் பிட் வழுக்கிக் கோடு கிழிப்பது இதை விடுவதால்தான். திருகு ஓட்டையை 3 மி.மீ.யில் தொடங்கி 4.5க்கு விரியுங்கள்.

இனி வெட்டு. கேபினட் தகடு ஒரு மில்லிக்கு உள்ளேதான் இருக்கும். தாங்கல் இல்லாவிட்டால் அதிரும், பல் மாட்டும், தகடு சுருண்டு கிழியும். பின்னால் 12 மி.மீ. பிளைவுட் வைத்து கிளாம்பால் இறுக்குங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே சல்லடைத் துளைகள் இருந்தால் ஹோல் சாவின் நடு பிட் அலையும். அப்போது முன்னாலும் ஒரு பிளைவுட் துண்டு வைத்து, இரண்டு பலகைக்கும் நடுவே தகட்டைப் பிடித்து வெட்டுங்கள்.

ஹோல் சா பைமெட்டலாக (பல்லுக்குத் தனியாகக் கடின எஃகு வைத்த வகை) இருக்கட்டும். மரத்துக்கு விற்கும் மலிவு செட் இரும்பில் ஒரு சுற்றிலேயே பல்லைக் கொட்டிவிடும். பெரிய ஹோல் சாவின் தண்டு பெரும்பாலும் 10 மி.மீ. சக்கில் (டிரில்லில் பிட்டைப் பிடிக்கும் வாய்) நுழையாது, 13 மி.மீ. சக் உள்ள டிரில் வேண்டும். வேகம் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்குள். முழு வேகத்தில் ஓட்டினால் விளிம்பு நீலம் பாரித்து, பல் மழுங்கி, பெயின்ட் கருகும். தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு, நெம்பாமல் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் இதைத் தொடவே கூடாது. பல் மாட்டினால் டிரில் மணிக்கட்டை முறுக்கிவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஒரே ஒரு ஓட்டைக்காக ஹோல் சா வாங்க மனமில்லையா? ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் மின் ரம்பம்) போதும், அதுவும் அங்குலத்துக்கு 24 பல்லுக்குக் குறையாத இரும்பு பிளேடோடு. உள்ளே 10 மி.மீ. துளை போட்டு நுழைத்து, வரைந்த வட்டக் கோட்டுக்கு ஒரு மில்லி உள்ளேயே வெட்டி, மிச்சத்தை அரைவட்ட அரத்தால் ராவுங்கள். ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம், அது நேர்வெட்டுக் கருவி. அதன் பொறி சுற்றுப் பெயின்டில் பதிந்து பிறகு அங்கங்கே துருப் புள்ளியாகக் கிளம்பும்.

வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். பிசிறை அரத்தால் எடுத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் ஒரு கோட் பூசுங்கள். வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விட்டது, சும்மா விட்டால் துரு ஏறும். விளிம்பை மூடும் யு வடிவ ரப்பர் பீடிங் மாட்டுவதானால் 114 மி.மீ. ஓட்டைக்கு 36 செ.மீ. வேண்டும், இரண்டு சென்டிமீட்டர் கூட வாங்கி முனையில் நறுக்கிக்கொள்ளலாம்.

கடைசியில் கேபினட்டை வெளியே எடுத்துத் தட்டி, ஈரத் துணியால் துடைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றிய காந்தத்தை மடிப்புகளிலும் ரிவிட் ஓரங்களிலும் ஓட்டுங்கள். ஊதினால் தூள் இன்னும் உள்ளே போகும். ஃபேனை மாட்டும்போது திசையையும் பாருங்கள்: ஸ்டிக்கரும் குறுக்குக் கால்களும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.