குடியாத்தத்தில் இருந்துகொண்டு டெசராக்ட் சோர்ஸ் கோடை எடுத்ததும் புதுப்பித்து வருவதும்

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, அந்தப் படங்களை எழுத்தாக மாற்றும் வேலையை நானும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து செய்து வருகிறோம். பிழை திருத்துவது ஐயா, கணினிப் பக்கம் நான். படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தருவது டெசராக்ட் என்ற மென்பொருள். 1980களில் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் திறமூலமாக, அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய வகையில், வெளியே வந்தது. தமிழும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் படிக்கும். என் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு 22.04. அதில் வழக்கமான முறையில் நிறுவினால் கிடைப்பது டெசராக்ட் 4.1.1. ஐந்தாம் பதிப்போ 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. சரி, சோர்ஸ் கோடை, அதாவது மென்பொருளின் மூல நிரலை எடுத்து, ஓடக்கூடிய வடிவமாக நாமே பில்ட் செய்துகொள்வோம் என்று இறங்கினேன்.

ஜிப் கோப்பாக இறக்கினால் போதாதா என்று ஐயா கேட்டார். இறக்கலாம்தான். ஆனால் ஜிப்பில் வருவது அன்றைய நிலவரம் மட்டும். அடுத்த மாதம் நாலு வரி மாறியிருந்தாலும் முழுதாக இன்னொரு முறை இறக்க வேண்டும், எது மாறியது என்றும் தெரியாது. நிரலில் நடக்கும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்து வைக்கும் ‘கிட்’ என்ற கருவி மூலம் குளோன் செய்தால், அதாவது அந்த வரலாற்றோடு நகல் எடுத்தால், முதல் தடவைதான் பாரம். அதன் பிறகு மாறியது மட்டும் வரும், யார் எதற்காக மாற்றினார்கள் என்ற குறிப்போடு.

அந்த முதல் தடவைதான் எங்கள் ஊரில் சோதனை. எனக்கு இணையம் என்றால் போன் ஹாட்ஸ்பாட். சிக்னல் நன்றாகத்தான் காட்டும், நடுவில் அறுந்துவிடும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் ஊரே தெருவில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். கிட் குளோன் பாதியில் அறுந்தால், விட்ட இடத்தில் இருந்து தொடராது. வந்த வரைக்கும் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கும். ‘எர்லி இஓஎஃப்’ என்ற பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். உங்கள் கணினியில் கோளாறு என்று தேட வேண்டாம்.

வழி என்னவென்றால், குளோன் கட்டளையில் ‘டெப்த் 1’ என்று சேர்ப்பது. பழைய வரலாறு எதுவும் வராமல் கடைசி கமிட்டின் (குறிப்போடு பதிவு செய்த மாற்றத்தின்) கோப்புகள் மட்டும் வரும். அளவு வெகுவாகக் குறைந்துவிடும். இணையப் பக்கங்களில் பலர் ‘ரிகர்சிவ்’ என்றும் சேர்க்கச் சொல்வார்கள். அது சப்மாட்யூல்கள் எனப்படும், உள்ளே இணைத்த வேறு திட்டங்களையும் சேர்த்து இழுக்கும். டெசராக்டைப் பொறுத்தவரை அதனுள் இருக்கும் சப்மாட்யூல்கள் சோதனை ஓட்டங்களுக்கானவை. பயன்படுத்துவதற்காக மட்டும் பில்ட் செய்கிறவர்களுக்கு அவை தேவையில்லை, டேட்டாவை மிச்சப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொழித் தரவுகள் தனி ரெப்போவில் (கிட் சேமிப்பிடத்தில்) இருக்கின்றன. அதை முழுதாகக் குளோன் செய்தால் உலகத்து மொழிகள் எல்லாம் வந்து இறங்கும். தமிழுக்கான ‘டாம்’ என்ற ஒற்றைக் கோப்பை மட்டும் இறக்கினால் போதும். ‘பெஸ்ட்’, ‘ஃபாஸ்ட்’ என்று தனித்தனி ரெப்போக்கள் உண்டு. அச்சு மங்கிய பழைய புத்தகங்களுக்கு நான் ‘பெஸ்ட்’ எடுத்தேன். மெதுவாக ஓடும், ஆனால் ஐயாவின் திருத்த வேலை குறைந்தது.

பில்ட் செய்வதில் பெரிய சிக்கல் இல்லை. லெப்டோனிகா என்ற நூலகத்தின் டெவலப்மென்ட் பொதி முன்கூட்டியே இருக்க வேண்டும். பிறகு ஆட்டோஜென், கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால், கடைசியில் எல்டிகன்ஃபிக். இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் புதிதாக நிறுவிய நூலகத்தைக் கணினி கண்டுகொள்ளாது.

புதிய பதிப்பு நன்றாகவே ஓடியது. ஆனால் ஒரு புத்தகத்தில், 4.1.1 ஒரே வரியாகப் படித்ததைப் புதியது இரண்டாக உடைத்துப் போட்டது. சமீபத்தில் வந்த மாற்றமா, ஐந்தாம் பதிப்பு வந்த நாள் முதலே இப்படியா? இதைப் பார்க்கப் பழைய பதிப்புகளின் டேக்குகள் (பதிப்பு எண் போட்ட அடையாளங்கள்) வேண்டும், வரலாறு வேண்டும். டெப்த் 1 குளோனில் இரண்டும் கிடையாது. லாக் (கமிட் பட்டியல்) போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு கமிட் காட்டும். சர்வரில் இருப்பதை இறக்கும் ஃபெட்ச் கட்டளையை ‘அன்ஷாலோ’ என்று கொடுத்தால் மிச்சம் எல்லாம் வரும்தான். அதுவும் பெரிய இறக்கம், அதுவும் அறுந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறான், ஹாஸ்டலில் நல்ல நெட். போனில் சொன்னதும் சிரித்தான். “அண்ணா, இதை ஏன் நெட்ல இழுத்துக்கினு கஷ்டப்படறீங்க? நான் பண்டில் போட்டு வெக்கறேன், சனிக்கிழமை வரும்போது எடுத்துக்கினு வரேன்.”

கிட் பண்டில் என்பது ரெப்போவின் மொத்த வரலாற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுக்கும் வசதி. ‘பண்டில் கிரியேட்’ என்று கொடுத்து, கோப்பின் பெயரைச் சொல்லி, ‘ஆல்’ என்று முடித்தால் ஆயிற்று. ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் என்ன என்று கேட்கலாம். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் வகை ஃபார்மேட்டில் இருக்கும். லினக்ஸில் ஒரு கோப்புக்கு இருக்கும் ‘இயக்கலாம்’ என்ற அனுமதியை ஃபேட் காப்பாற்றாது. திரும்ப எடுத்து ஸ்டேட்டஸ் பார்த்தால், நாம் தொடாத கோப்புகளையும் மாறியதாகக் கிட் காட்டும். பண்டிலில் அந்தத் தொல்லை இல்லை.

அவன் கொண்டுவந்த கோப்பை ‘பண்டில் வெரிஃபை’ கொண்டு சரிபார்த்தேன். பிறகு இணைய முகவரி கொடுக்கும் இடத்தில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்துக் குளோன் செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. இப்போது ‘ஆரிஜின்’, அதாவது குளோன் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு, பென்டிரைவைக் காட்டிக்கொண்டிருக்கும். ‘ரிமோட் செட்-யூஆர்எல்’ மூலம் அதை டெசராக்டின் உண்மையான முகவரிக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு ஃபெட்ச் கொடுத்தால், பண்டில் கட்டிய நாளுக்குப் பின் சேர்ந்தது மட்டும்தான் இறங்கும். என் ஹாட்ஸ்பாட் அதைத் தாங்கியது.

5.0.0 டேக்கை செக்அவுட் செய்து அந்தப் பதிப்பின் கோப்புகளுக்கு மாறியபோது ‘டிடாச்ட் ஹெட்’ என்று நீளமாக ஒரு எச்சரிக்கை வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. எந்தப் பிராஞ்சிலும் (வேலை நடக்கும் கிளையிலும்) இல்லாமல் ஒரு பழைய கமிட்டின் மேல் நிற்கிறோம், இங்கே கமிட் செய்தால் அதற்குப் பெயர் இருக்காது என்கிறது, அவ்வளவுதான். பார்த்துவிட்டு மெயின் பிராஞ்சுக்குத் திரும்பிவிடலாம். அதை பில்ட் செய்து ஓட்டியதில் அந்த வரி அங்கேயும் உடைந்தது. ஆக, சமீபத்து மாற்றம் எதுவும் காரணமில்லை. ஐயாவுக்கு அது போதும். அந்தப் புத்தகத்தை மட்டும் பக்கப் பிரிப்பு முறையை மாற்றி ஓட்டினோம்.

இப்போது புதுப்பிக்கும் முறைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி இது. இறக்கியதை உடனே நம் கோப்புகளில் சேர்த்துவிடும் ‘புல்’ கட்டளையை நேராகக் கொடுப்பதில்லை. முதலில் ஃபெட்ச். அது சர்வரில் இருப்பதைக் கொண்டுவந்து ஓரமாக வைக்கும், நம் கோப்புகளைத் தொடாது. அப்புறம் நம் ஹெட்டுக்கும் (நாம் இப்போது நிற்கும் கமிட்டுக்கும்) ஆரிஜினின் மெயினுக்கும் இடையில் உள்ள கமிட்டுகளை லாக்கில் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். பக்கப் பிரிப்பைத் தொட்டிருக்கிறார்களா, பில்ட் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். யாரோ எங்கோ உட்கார்ந்து செய்த வேலை நமக்கு இலவசமாக வருகிறது. வாங்கி வைப்பதற்கு முன் படித்துவிடுவது மரியாதை என்று நினைக்கிறேன். அதன் பிறகுதான் புல், அதுவும் ‘எஃப்எஃப்-ஒன்லி’ சேர்த்து. இரண்டு பக்கமும் கமிட்டுகள் விலகிப் போயிருந்தால் தானாக மெர்ஜ் செய்யாமல், அதாவது இரண்டையும் கலக்காமல், நின்றுவிடும்.

நிரல் ஓடும்போது என்ன நடக்கிறது என்று அச்சிட்டுக் காட்ட நான் சோதனைக்காகச் சேர்த்த வரிகள் எல்லாம் ‘குடியாத்தம்’ என்ற தனிப் பிராஞ்சில் இருக்கின்றன. மெயினைத் தொடுவதே இல்லை. மெயின் புதிதானதும் என் பிராஞ்சை ரீபேஸ் செய்து, என் மாற்றங்களை அதன் மேல் மறுபடி அடுக்கிக்கொள்கிறேன். ஒரே வரியை அவர்களும் மாற்றி நானும் மாற்றியிருந்தால் கான்ஃப்ளிக்ட் வரும். கிட் இரண்டையும் அந்தக் கோப்பிலேயே குறியிட்டு வைக்கும், எது வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கமிட் செய்யாத மாற்றம் கையில் இருக்கும்போது கிட் புல்லை மறுத்தால், அது உங்கள் வேலையைக் காப்பாற்றுகிறது என்று பொருள். ‘ஸ்டாஷ்’ செய்து மாற்றத்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, புல் செய்து, ‘ஸ்டாஷ் பாப்’ கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மேக் கொடுத்தால் மாறிய கோப்புகளும் அவற்றைச் சார்ந்தவையும் மட்டும் கம்பைல் ஆகும். பில்ட் கோப்புகள் மாறியிருந்தால் ஆட்டோஜெனில் இருந்து தொடங்குவது நல்லது.

குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் யாருக்காவது இதே வேலை இருந்தால், பண்டில் கோப்பு என்னிடம் தயாராக இருக்கிறது. ஒரு பென்டிரைவ் எடுத்துக்கொண்டு வாருங்கள், தமிழ்த் தரவுக் கோப்பையும் சேர்த்தே தருகிறேன்.