டர்போ இன்ஜினை அணைக்கும் முன்: கடைசி இரண்டு கிலோமீட்டர்

டர்போ பொருத்திய கார் வாங்கியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, வண்டியை நிறுத்திய பிறகு எத்தனை நிமிடம் இன்ஜினை ஓடவிட வேண்டும் என்பது. ஒருவர் அரை நிமிடம் என்கிறார், இன்னொருவர் மூன்று நிமிடம் என்கிறார். பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்தால்கூடக் கடிகாரத்தைப் பார்த்தபடி இருக்கையிலேயே காத்திருப்பவர்களும் உண்டு. வண்டியின் மேல் இவ்வளவு அக்கறை கொள்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த அக்கறையை, வண்டி நின்ற பிறகு வரும் நிமிடங்களைவிட, நிற்பதற்கு முன் ஓட்டும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் காட்டுவதுதான் அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

டர்போவின் ஒரு பக்கத்தில் டர்பைன் இருக்கிறது. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை அதைச் சுழற்றுகிறது. மறுபக்கத்தில் உள்ள கம்ப்ரஸர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. இரண்டையும் இணைக்கும் மெல்லிய ஷாஃப்ட், சிறிய கார்களின் டர்போக்களில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் சுழலக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அந்த ஷாஃப்டைத் தாங்கி நிற்பது பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் ஆயில் படலம்தான். உராய்வைத் தடுப்பதோடு, டர்பைன் பக்கத்திலிருந்து ஏறிவரும் வெப்பத்தை வாரிக்கொண்டு போவதும் அதே ஆயிலின் வேலை. முழுச் சுமையில் ஓடும் பெட்ரோல் இன்ஜினின் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசலில் அது சற்றுக் குறைவு. மேடான பாதையில் நெடுநேரம் ஏறிய வண்டியின் பானெட்டை இருட்டில் திறந்து பார்த்தால், டர்பைனின் இரும்பு உறை மங்கலான சிவப்பில் ஒளிர்வதைச் சில சமயம் கண்ணாலேயே காணலாம்.

அந்த நிலையில் இன்ஜினை அணைத்தால், இன்ஜின் சுழற்றும் ஆயில் பம்ப்பும் அதே கணத்தில் நின்றுவிடுகிறது. ஷாஃப்ட் இன்னும் சில விநாடிகள் சுழல்கிறது, ஆயிலோ வருவதில்லை. அதைவிடப் பெரிய கேடு அடுத்த சில நிமிடங்களில் நடக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் கனமான இரும்புச் சட்டியின் கைப்பிடி மேலும் சூடேறுவதுபோல, டர்பைன் உறையிலும் புகைக் குழாயிலும் தேங்கிய வெப்பம் மெல்ல பேரிங் இருக்கும் நடுப்பகுதிக்கு நகர்கிறது. ஓட்டத்தின்போது பேரிங் பகுதியில் இருந்த வெப்பநிலையைவிட, அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து இருக்கும் வெப்பநிலை அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே அசையாமல் தங்கிவிட்ட ஆயில் கருகிக் கரியாகிறது. இது ஒரே நாளில் டர்போவைக் கொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய படிவாகச் சேர்கிறது.

இப்படிப் பழுதாகிக் கழற்றப்பட்ட டர்போ ஒன்றை ஒர்க்ஷாப் மேசையில் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறேன். ஷாஃப்டின் கம்ப்ரஸர் பக்கம் புதிது போலப் பளபளத்தது. டர்பைன் பக்கமோ கருநீலம் பாரித்து, அதன்மேல் நகத்தால் சுரண்டினால் பெயராத கறுப்புப் பொருக்கு ஒட்டியிருந்தது. ஆயில் வரும் குழாயை இறுக்கும் போல்ட்டின் நடுத்துளையில் பாதிக்கு மேல் கரி அடைத்திருந்தது. ஆயில் வரத்துக் குறைந்ததால் பேரிங் தேய்ந்து, ஷாஃப்ட் ஆட்டம் கண்டு, கம்ப்ரஸர் இறக்கைகளின் நுனி உறையில் உரசிய தடம் வட்டமாகத் தெரிந்தது. டர்போ போய்விட்டது என்று சொல்லப்படும் எத்தனையோ வண்டிகளில், உண்மையில் முதலில் போனது இந்தச் சிறு துளையின் வழியாக வரவேண்டிய ஆயில்தான்.

இதைத் தடுக்க, அணைக்கும் முன்பே டர்பைன் பக்கத்தின் வெப்பத்தை இறக்கிவிட வேண்டும். மிதமான வேகத்தில், ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதித்து, டர்போ அதிகம் அழுத்தம் கொடுக்கத் தேவையில்லாத அளவில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால், புகையின் வெப்பம் குறைகிறது. ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் நல்ல அழுத்தத்தில் சுற்றி வருகின்றன. எதிர்க்காற்று ரேடியேட்டர் வழியாகவும் பானெட்டுக்குள்ளும் பாய்கிறது. நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது இந்த எதிர்க்காற்று கிடைப்பதில்லை. பெரும்பாலானோரின் அன்றாடப் பயணம் தெருக்களுக்குள் மெதுவாக வந்துதான் முடிகிறது. அவர்களுடைய டர்போ வாசலுக்கு வருவதற்குள் பெருமளவு ஆறிவிட்டிருக்கும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றி, பையை எடுக்கும் நேரமே அவர்களுக்குப் போதும்.

உண்மையிலேயே காத்திருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக வந்து, சாலையோர எரிபொருள் நிலையத்துக்குள் திரும்பி, உடனே சாவியைத் திருப்புவது இவற்றில் மிகவும் கெட்டது. அங்கே வேகத்துக்கும் அணைப்புக்கும் இடையே அரை நிமிடம்கூட இருப்பதில்லை. மலை உச்சியில் வண்டியை நிறுத்துவதும், சுமை இழுத்து வந்து நிறுத்துவதும் இதே வகை. இந்த நேரங்களில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுவது நியாயமானது. வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். எரிபொருள் நிரப்ப வேண்டுமானால் பம்ப்புக்கு அருகில் போவதற்கு முன்பே, ஓரமாக நிறுத்தி இந்தக் காத்திருப்பை முடித்துவிடுங்கள். பம்ப்பின் பக்கத்தில் இன்ஜினை ஓடவிடக் கூடாது.

மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்ற பழைய கணக்குகள் காரணமின்றி வந்தவை அல்ல. 1970-களில் போர்ஷே 911 டர்போவும் சாப் 99 டர்போவும் வந்த காலத்தில், டர்போவின் நடுப்பகுதியைக் குளிர்விக்க ஆயிலை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. அன்றைய மினரல் ஆயில்களும் எளிதில் கருகின. 1980-களில் நடுப்பகுதியைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் அமைப்பு பரவியபோது நிலைமை பெரிதும் மாறியது. இன்ஜின் நின்ற பிறகும், சூடான கூலன்ட் மேலேற, குளிர்ந்தது அதன் இடத்துக்கு வர, பம்ப் இல்லாமலே ஓரளவு சுழற்சி நடக்கிறது. இன்றைய பல கார்களில் இதற்கென்றே ஒரு சிறு மின்பம்ப் இருக்கிறது. வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து ‘ம்ம்’ என்று மெல்லிய ஓசையும், சில வேளை ஃபேன் சுற்றும் சத்தமும் கேட்டால் பயப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் அவை தாமே நின்றுவிடும். சிக்னலில் தானாக அணையும் வசதி உள்ள டர்போ கார்கள் தாக்குப்பிடிப்பதற்கு இந்த ஏற்பாடுகளும் முக்கியக் காரணம். ஆனாலும் கடுமையான ஓட்டத்துக்குப் பின் முதல் சிக்னலில் நிற்கும்போது அந்த வசதியைப் பொத்தானை அழுத்தி நிறுத்திவைப்பதே எனக்கு மனநிறைவு தருகிறது.

ஒரு பழக்கத்தை மட்டும் நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். அணைப்பதற்குச் சற்று முன் ஆக்சிலரேட்டரை ஒரு முறை உறுமவிட்டு, அந்த உறுமல் அடங்குவதற்குள் சாவியைத் திருப்பும் வழக்கம் இன்றும் பல ஓட்டுநர்களிடம் இருக்கிறது. அமைதியாகிக்கொண்டிருந்த ஷாஃப்டை வேகமாகச் சுழற்றிவிட்டு அதே நொடியில் ஆயிலை நிறுத்துவதால், டர்போவுக்கு இதில் எந்த நன்மையும் இல்லை, கெடுதல் மட்டுமே உண்டு. பிறர் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கண்டால், கொஞ்சம் சங்கடமானாலும் நான் சொல்லிவிடுகிறேன்.

காத்திருப்பு நல்லது என்பதற்காகப் பத்து நிமிடம் ஓடவிடுவதிலும் பொருளில்லை. ஓரிரு நிமிடங்களுக்குப் பிறகு டர்போவின் வெப்பத்தில் பெரிய மாற்றம் இருக்காது. டீசல் இன்ஜினில் புகைக்கரி வீணாகச் சேரும், எரிபொருளும் வீணாகும். மூடிய கேரேஜுக்குள் இப்படிச் செய்தால் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைக் குறித்த நேரம் ஓடவிடும் டர்போ டைமர் என்ற கருவியை வெளியில் வாங்கிப் பொருத்துகிறார்கள். கூலன்ட் ஓடும் இன்றைய டர்போக்களுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆளில்லாமல் இன்ஜின் ஓடும் வண்டியை விட்டுச் செல்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

இவ்வளவும் செய்துவிட்டு, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் பயனில்லை. உழைத்துத் தளர்ந்த ஆயில் புதிய ஆயிலைவிட விரைவில் கருகும். கையேட்டில் குறித்த தரத்திலுள்ள ஆயிலையே ஊற்றி, குறித்த கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் குறித்த மாதக் கெடுவிலேயே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஃபில்டரையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்து முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் விளக்கு அணையும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். வெறுமையான ஃபில்டர் நிரம்பி ஆயில் டர்போவை எட்டுவதற்கு அந்தச் சில விநாடிகள் தேவை.